ரிப்போர்ட்டில் செம்பு குறைவுதான். ஆனாலும் செப்புக்குடம் வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், சரியாகிவிட்டது. இப்போது ஆறு மாதமாக அவன் கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கிவிட்டது. பேச்சு குழறுகிறது, தூங்கும்போது எச்சில் வடிகிறது. எல்லாம் பார்த்துவிட்டு ‘வில்சன் நோய், உடம்பில் செம்பு சேர்ந்துவிட்டது’ என்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் ரத்தத்தில் செம்பு 52. இருக்க வேண்டியது 70 முதல் 140 என்று போட்டிருக்கிறது. குறைவாகத்தானே இருக்கிறது என்று, பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி செப்புக்குடத்துத் தண்ணீர் கொடுத்து வருகிறேன். செருலோபிளாஸ்மின் 6. ஒரு நாள் சிறுநீரில் செம்பு 312 மைக்ரோகிராம். கண்ணில் வளையம் இருக்கிறதாம். பெனிசில்லமைன் 250 மி.கி. கேப்சூல், முதல் நாளிலிருந்தே தினம் நான்கு. வயிறு எரிகிறது என்பதால் சாப்பிட்டதும் கொடுக்கிறேன். மூன்று வாரத்தில் கை நடுக்கம் முன்பைவிட அதிகமாகிவிட்டது. நிறுத்திவிடலாமா? ஈரலில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா? நான் என் தாய்மாமனைக் கட்டியவள். அதனால்தான் இப்படி என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். மகளுக்கு 9 வயது, நன்றாக இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தேவையில்லைதானே?

— ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செப்புக்குடத்துத் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். கேப்சூலை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுக்கம் கூடியதை நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மகளைப் பற்றி கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் உங்கள் கடிதத்திலேயே அவசரமான கேள்வி அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் அந்த 52 என்ற எண்ணைத் தீர்த்துவிடுவோம். அது புரியாமல் மற்றது எதுவும் புரியாது.

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் தினமும் 1 முதல் 2 மி.கி. செம்பு உள்ளே போகிறது. உடம்புக்குத் தேவை 1 மி.கி.க்கும் சற்றுக் குறைவு. மிச்சத்தை வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. ஈரல் செல்லில் ஏடிபி7பி என்றொரு புரதம் இருக்கிறது. செம்பைக் கையாளும் எடுபிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வேலை. கொஞ்சம் செம்பை எடுத்து செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புவது ஒன்று. மிஞ்சியதைப் பித்தநீரில் கொட்டி மலத்தோடு போக்குவது மற்றொன்று. உங்கள் மகனுக்கு இந்தப் புரதம் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அதனால் இரண்டு கதவும் ஒன்றாக அடைபட்டுவிட்டன. ரத்தத்துக்குப் போகும் வண்டியில் சரக்கு ஏறவில்லை, கழிவு வாசலும் திறக்கவில்லை. ஈரலில் செம்பு குவிந்து, அது நிரம்பியதும் வழிந்து மூளைக்கும் கருவிழி ஓரத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது.

ரத்தத்தில் இருக்கும் செம்பில் ஏறக்குறைய 90 சதவீதம் செருலோபிளாஸ்மினில் ஏறிய சரக்குதான். வண்டி குறைந்தால் மொத்தக் கணக்கும் குறைவாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியது வண்டியில் ஏறாமல் தனியாகத் திரியும் செம்பை. அதைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது: செருலோபிளாஸ்மின் எண்ணை 3.15-ஆல் பெருக்கி, ரத்தச் செம்பிலிருந்து கழிக்க வேண்டும். 6-ஐ 3.15-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 19. 52-இல் 19 போனால் 33. சாதாரணமாக இது 15-க்குள் இருக்க வேண்டும். சிகிச்சை இல்லாத வில்சன் நோயில் 25-ஐத் தாண்டும். ஆக, குறைவு என்று உங்களைப் பயமுறுத்திய அதே ரிப்போர்ட்டில்தான் மிகுதிக்கான சாட்சியும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவைக் குறை சொல்ல வேண்டாம். இந்த எண்ணைப் பார்த்துப் படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

செம்புக் குறைபாடு என்பதும் தனியே உண்டு. மென்கிஸ் நோய் இதற்கு நேர் எதிர். அங்கே குடலிலிருந்து செம்பு உள்ளேயே போகாது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, பிறந்த சில மாதங்களில் வருவது. முடி முறுக்கிக்கொண்டு கம்பி போல இருக்கும். 1972-இல் ஆஸ்திரேலியாவின் டேவிட் டாங்க்ஸ் இதைச் செம்போடு முடிச்சுப் போட்டதற்கு, செம்பு குறைந்த மேய்ச்சலில் வளர்ந்த ஆடுகளின் கம்பளிமுடியும் அப்படியே இருந்ததுதான் துப்பு. 16 வயதுப் பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஈரல் சதைப் பரிசோதனை உங்கள் மகனுக்குத் தேவைப்படாது. 2001-இல் லைப்சிக் நகரில் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. கண் வளையத்துக்கு 2, செருலோபிளாஸ்மின் 10-க்குக் கீழ் என்பதற்கு 2, சிறுநீர்ச் செம்பு இயல்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்பதற்கு 2, நரம்பு அறிகுறிக்குக் குறைந்தது 1. மொத்தம் 7. நான்கு வந்தாலே நோய் உறுதி. நோயா இல்லையா என்ற சந்தேகம் நீடிக்கும்போதுதான் சதை எடுப்பார்கள். அதில் ஒரு கிராம் உலர்ந்த ஈரலில் 250 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த காமாலை, இந்த நோய் முதல் முறை கதவைத் தட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் குழந்தைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ. அது தானாகவே போய்விடும், பேர் கீழாநெல்லிக்கு. அதனால் எல்லாக் காமாலையும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை ஆழமாகப் பதிந்துவிட்டது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் காரணம் தெரியாமல் ஈரல் கோளாறு என்றால், செருலோபிளாஸ்மின் பார்த்தீர்களா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது மருந்து. பெனிசில்லமைன், பெனிசில்லினிலிருந்து பிறந்தது. ஜான் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர், பெனிசில்லின் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் இதைக் கண்டிருந்தார். அதன் அமைப்பு செம்பைப் பற்றிக்கொள்ளும் என்று ஊகித்து, 1956-இல் வில்சன் நோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டார். அதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்ததில்லை.

திசுக்களில் உறைந்து கிடக்கும் செம்பை இந்த மருந்து கிளப்பிவிடும். கிளம்பியதெல்லாம் உடனே சிறுநீரில் போய்விடாது, ஒரு பங்கு மூளையையும் உரசிக்கொண்டு போகும். நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் நடுக்கமும் பேச்சும் மோசமாவது இதனால்தான் என்று கருதுகிறார்கள். பல ஆய்வுகளில் 10 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி நடந்திருக்கிறது. அதனால் நரம்பு அறிகுறி இருந்தால் தினம் 125 அல்லது 250 மி.கி.யில் தொடங்கி, நான்கிலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை 250 கூட்டி, படிப்படியாக 1000-க்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். முதல் நாளிலேயே நான்கு கேப்சூல் என்பது வேகம். அளவைக் குறைத்து மெல்ல ஏற்றலாமா, டிரையன்டின் என்ற வேறு மருந்துக்கோ ஜிங்க்குக்கோ மாற்றலாமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு கொடுத்தால் இந்த மருந்தில் ஏறக்குறைய பாதிதான் உள்ளே போகும். அப்படியானால் உங்கள் மகன் நான்கு கேப்சூல் சாப்பிட்டாலும் இரண்டு கேப்சூல் அளவுதான் வேலை செய்திருக்கிறது. இந்தப் பதிலைப் படித்துவிட்டு நாளை காலையிலிருந்து வெறும் வயிற்றில் நான்கையும் கொடுத்தால், ஒரே நாளில் மருந்தை இரட்டிப்பாக்கியதுபோல் ஆகும். நடுக்கம் இன்னும் ஏறலாம். ஆகவே ‘இதுவரை சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தேன், இனி வெறும் வயிற்றில் கொடுக்கப்போகிறேன், அதற்கு எத்தனை?’ என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணிக்கையோடு நேரத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

நேரம் என்பது, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன் அல்லது 2 மணி நேரம் பின். பாலும் காபியும்கூடச் சாப்பாட்டுக் கணக்குதான்; பல வீடுகளில் தவறுவது இங்கேதான். மாத்திரையைப் போட்டுவிட்டு ‘வெறும் காபிதானே’ என்று குடித்துவிடுவார்கள். பள்ளிக்குப் போகிற பையனுக்கு ஒத்துவரும் நேரம் இது: காலை 6 மணிக்கு எழுந்ததும் தண்ணீரோடு ஒரு வேளை, காபி 7 மணிக்குப் பிறகு. பள்ளியில் மதியம் 12.45-க்குச் சாப்பிட்டு இடையில் ஒன்றும் கொறிக்காமல் வந்தால், மாலை 4.30-க்கு ஒரு வேளை, பலகாரம் 5.30-க்கு. மூன்றாவது வேளை இருந்தால், 7.30-க்கு இரவுச் சாப்பாடு முடித்து 9.30-க்குப் படுக்கும் முன். இரும்புச்சத்து மாத்திரையையும் அமிலம் குறைக்கும் மருந்தையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. வயிறு எரிந்தால் அதையும் சொல்லுங்கள், வேறு வழி செய்வார்கள். இந்த மருந்து வைட்டமின் பி6-ஐக் குறைத்துவிடும் என்பதால் தினம் 25 முதல் 50 மி.கி. பைரிடாக்ஸின் கூடவே போக வேண்டும். சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் கழுத்தில் நெறிகட்டுவதும் சேர்ந்து வந்தால், பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். அது ஒவ்வாமை. பின்னாளில் சிறுநீர் நுரைப்பது, கால் வீங்குவது, பல் ஈறில் ரத்தம் கசிவது, விடாத தொண்டைவலி ஆகியவை சிறுநீரகத்தையும் ரத்த அணுக்களையும் மருந்து தொட்டுவிட்டதற்கான அறிகுறிகள். முதல் மாதம் வாரம் ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கையும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுவது நல்லது. பிறகு மாதம் ஒருமுறை. எல்லாம் நிலைத்தபின் வருடத்துக்கு இரண்டு முறையாவது.

அடுத்த சிறுநீர் ரிப்போர்ட் வந்ததும் இன்னொரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 312 இருந்தது 1000-ஐத் தாண்டியிருக்கலாம். கூடிவிட்டதே என்று பதற வேண்டாம். மருந்து செம்பை வெளியே இழுக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நாள்பட இது 200-க்கும் 500-க்கும் இடையில் வந்து நின்றால் அளவு சரி. அதே பையன் பின்னாளில் ஜிங்க்குக்கு மாறினால், 100-க்குக் கீழே இருந்தால்தான் நல்லது. ஏனென்றால் ஜிங்க் செம்பை வெளியே இழுப்பதில்லை, குடலிலேயே மறித்துவிடுகிறது. எந்த மருந்தில் இருக்கும்போது எடுத்தது என்று தெரியாமல் சிறுநீர்ச் செம்பு எண்ணைப் படிக்கவே கூடாது.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பதில், ஆயுள் முழுக்க. மருந்து மாறும், அளவு குறையும், நிற்காது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தாங்களாக நிறுத்தியவர்களுக்குச் சில மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் ஈரல் முற்றிலும் செயலிழந்திருக்கிறது. கல்லூரி விடுதிக்குப் போகும் வயதுதான் இதில் ஆபத்தான வயது. எப்போதாவது திடீரென்று காமாலை, சிறுநீர் கருஞ்சிவப்பு, முகம் வெளிறுதல், பேச்சில் குழப்பம் இவை சேர்ந்து தெரிந்தால், நேரே ஈரல் மாற்று அறுவை செய்யும் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

முன்னேற்றம் மெதுவாகத்தான் தெரியும். ஈரல் எண்கள் இரண்டிலிருந்து ஆறு மாதத்தில் இறங்கும். கையும் பேச்சும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம்வரை எடுத்துக்கொள்ளும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சமும் நிற்கும். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். மாதம் முதல் ஞாயிறு, தேதி போட்டு, ஒரே வாக்கியத்தை மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். கீழே ஜிலேபிபோல ஒரு சுழி போடச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ‘பரவாயில்லை’ என்று வாயால் சொல்வதைவிட அந்த நோட்டு அதிகம் பேசும்.

செப்புக்குடத்தால் இந்த நோய் வரவில்லை. ஆனால் வந்தபின் அது கூடாது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளியும் மோரும் வைத்தால் களிம்பு ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். களிம்பு என்பதே செம்பு கரைந்து வருவதுதான். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பால் காய்ச்சிப் புட்டிக் குழந்தைகளுக்குக் கொடுத்ததற்கும் ‘இந்தியக் குழந்தைப்பருவ ஈரல் சுருக்கம்’ என்ற நோய்க்கும் தொடர்பு இருப்பதை 1980-களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. பாத்திரம் மாறியதும் அந்த நோய் கிட்டத்தட்ட மறைந்தேபோனது. அது வேறு நோய், ஆனால் பாடம் உங்களுக்கும் பொருந்தும். சமைக்கவும் குடிக்கவும் எவர்சில்வர் போதும். செம்பு சேர்ந்த பஸ்பம், செந்தூரம் எதுவும் வேண்டாம். சத்து மாத்திரை டப்பாவிலும் செம்பு இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். முதல் ஒரு வருடமாவது ஆட்டு ஈரல், நண்டு, கணவாய், சிப்பி, காளான், சாக்லேட், முந்திரி, எள்ளுருண்டை விலக்குங்கள். 100 கிராம் எள்ளில் 4 மி.கி. செம்பு, முந்திரியில் 2 மி.கி.க்கு மேல். பருப்பு, கீரை, மீன், முட்டை, அரிசி எதையும் நிறுத்த வேண்டாம். பத்தியம் இருப்பதால் இந்த நோய் அடங்காது. பத்தியத்தை நம்பி மருந்தில் அசட்டையாக இருந்தவர்கள்தான் கெட்டார்கள்.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றி. இந்த நோய் வரத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணு வேண்டும். பொதுவில் 90 பேரில் ஒருவர் ஒரு பழுதோடு, எந்த நோயும் இல்லாமல் வாழ்கிறார். உங்களிடம் ஒன்று இருந்தால், தாய்மாமனிடமும் அதே பழுது இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அந்நியத்தில் கட்டியிருந்தால் தொண்ணூறில் ஒன்று. ஆக சொந்தக்காரர்கள் சொல்வதில் கணக்கு இருக்கிறது, ஆனால் குற்றம் யார்மீதும் இல்லை. அந்நியத்தில் கட்டியவர்கள் வீட்டிலும் இந்த நோய் வருகிறது. அப்படிப் பேசுகிறவர்களும் அதே குடும்பம்தானே. சொந்தத்துக்குள் கட்டிய அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் செருலோபிளாஸ்மினும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி மகள். அவளுக்கு இந்த நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. நன்றாக இருக்கிறாள் என்பது இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. உங்கள் மகனும் 9 வயதில் நன்றாகத்தான் இருந்தான்; அப்போதே அவன் ஈரலில் செம்பு ஏறிக்கொண்டிருந்தது. அறிகுறி தெரியும் முன்பே பிடித்து, மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால், இந்த நோயின் துன்பமே தெரியாமல் வளர்ந்துவிடலாம். அண்ணனுக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு அவளுக்கு இன்னும் இருக்கிறது.

அவளுக்குக் கண் வளையம் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் இல்லை என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். அறிகுறி இல்லாத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வளையம் இருக்காது. செருலோபிளாஸ்மினையும் தனியாக நம்ப முடியாது. ஒரு பழுது மட்டும் உள்ளவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் குறைவாக வரும். காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் நோய் இருந்தும் கூடுதலாகக் காட்டும். தீர்ப்புச் சொல்வது ஏடிபி7பி மரபணுப் பரிசோதனை. முதலில் மகன் ரத்தத்தில் என்ன பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த மரபணுவில் 500-க்கும் மேற்பட்ட பழுதுகள் தெரிந்திருக்கின்றன, அத்தனையையும் மகளிடம் தேடுவது வீண். உங்கள் வீட்டில் சொந்தத்து வழியாக ஒரே பழுதே இரண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது தெரிந்தால் மகளிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், ஒரு நாள் சிறுநீர்ச் செம்பு மூன்றையும் முடித்துவிடுங்கள். சிறுநீர் பிடிப்பதில்தான் பாதி ரிப்போர்ட் கெட்டுப்போகிறது. அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் கேன் ஆய்வகத்திலேயே தருவார்கள். அதைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். பள்ளி இல்லாத நாளாகப் பாருங்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் சிறுநீரைக் கொட்டிவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஒரு சொட்டு விடாமல் எல்லாம் கேனுக்குள். மலம் கழிக்கப் போகும்போது வருவதையும் முதலில் தனியே பிடித்துவிட வேண்டும். பிடிக்கப் பிளாஸ்டிக் கோப்பை மட்டும், பித்தளைச் சொம்போ வேறு உலோகமோ தொடக் கூடாது. திங்கள் காலை 6 மணிக்கு எழுந்ததும் போவது கடைசி, அதையும் சேர்த்து மூடிவிடுங்கள். ஒரு முறை தவறிப்போனாலும் மறைக்காமல் சொல்லி, வேறொரு நாள் புதிதாகத் தொடங்குங்கள். கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், முழுதாகப் பிடித்தோமா என்பது தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். அண்ணனுக்கு 312 என்பதால், இவளுக்கு 60 வந்ததை யாராவது ‘கொஞ்சம்தான்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

நோய் இருப்பது உறுதியானால், அறிகுறி இல்லாத அவள் வயதுக்குப் பெரும்பாலும் ஜிங்க் ஒன்றே போதும்: 50 கிலோ எடைக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 25 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, அதுவும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி. இந்த 25 என்பது தனி ஜிங்க்கின் எடை, உப்பின் எடை அல்ல. ஜிங்க் சல்பேட் 220 மி.கி. என்று அட்டையில் இருந்தால் அதற்குள் ஜிங்க் 50 மி.கி.தான். கடையில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் 20 மி.கி. மாத்திரையைக் கைமாற்றாக நீட்டினால் வாங்காதீர்கள். ஜிங்க்கை வருடக்கணக்கில் அளவுக்கு மேல் கொடுத்தால் செம்பு உண்மையிலேயே குறைந்து ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரும் என்பதால், அவளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர் இரண்டும் பார்க்க வேண்டும்.

மகனை நாளை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்துவிடலாம்.